மூன்று செருப்பு, மூன்று பூட்ஸ்

ஜூலை பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. மழை இல்லை, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து புழுதிக் காற்று. மாரிகுப்பத்தில் என் வீட்டு வாசலில் ஏழு பிள்ளைகளுக்கு நீளம் அளக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு இருபத்தாறு தீப்பெட்டி. கதவு எட்டுக் கரண்டி.

பக்கத்து வீட்டுக்காரன் தன் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சுரங்கம் ஓடிய நாளில் அவன் கேஜில், அந்தச் சுரங்க லிஃப்டில், இறங்கியதையும் ஏறியதையும் டைம் ஆபீஸில் இருந்து எண்ணியவன் நான். வருடாவருடம் இந்தப் பாடத்தை அவன் கேட்கிறான்.

"வாத்தியாரே, சந்துல சுவர் வைக்கணும்னு பேசிக்கினே கீறோமே, பசங்களே நடுவ அளக்கட்டும். உன் பக்கம் உன் செருப்பு, என் பக்கம் என்னுது."

என் மனைவியின் சக்கர நாற்காலி பின்னாலிருக்கும் கழிவறைக்குப் போக இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்துதான் வழி. பாதிச் சந்து அதற்குப் போதும். இது இருவருக்கும் தெரியும்.

தினமும் ரப்பர் செருப்பில் திரிகிறவன், உள்ளே போய்ப் பழைய சுரங்க பூட்ஸை எடுத்து வந்தான். பிள்ளைகள் இரு சுவரிலிருந்தும் அளந்து வந்தார்கள். மூன்றாவது அளவில் செருப்பும் பூட்ஸும் முட்டின.

"தாத்தா, பூட்ஸு பெருசா கீதே?" என்றாள் ஒரு சிறுமி.

"இன்னா பாப்பா, உங்க வாத்தியார் எண்ணுனா தப்புமா?"

"மூணுக்கு மூணு, சரிதான்" என்றேன். நானே சாக்பீஸால் கோடும் போட்டேன்.

மறுநாள் மனைவியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் திரும்பியபோது சுவர் நெஞ்சுயரம் நின்றது. நாற்காலியின் இரண்டு சக்கரமும் சந்தில் இறுகின.

"இன்னாங்க, போவலையா?" என்றாள் அவள், மடியில் மருந்துப் பையோடு.

அவனைக் கூப்பிட்டேன். "இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?"

"நான் இன்னா பண்ணேன்? பசங்க அளந்தாங்க, நீ எண்ணுன."

"பூட்ஸும் செருப்பும் ஒண்ணா?"

"அது அடுத்த வாரப் பாடமாச்சே, வாத்தியாரே!"

சிரித்தான். எல்லோரும் ஒரே கோலால் அளக்க வேண்டும் என்பதுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம். வரிசைகூட மாறாமல் அவனுக்கு மனப்பாடம்.

சுவரை இடிக்க மாட்டேன் என்றான். என் சமையலறைப் பின்சுவரை உடைத்து வழி வைத்தேன். கொத்தனார் கூலி, சிமென்ட், கதவு, நாற்காலி இறங்கச் சரிவு, எல்லாம் சேர்த்து இருபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.