துறைமுகம் என்று எழுதினேன்

புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடம் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், விசிட்டிங் கார்டு. அந்த வேலையெல்லாம் குறைந்துபோனபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நம்மகிட்ட நோட்டீஸ் அடிச்ச கடைகளுக்கெல்லாம் நீயே நேர்ல போயி நெட்ல ஏத்திக் குடுத்துரும்மா. அவங்களும் நம்மள விட்டுப் போக மாட்டாங்க" என்றார். அச்சகத்தை நினைத்து எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. அது எனக்குத் தந்தது முதுகு வலியும் கண் எரிச்சலும்தான். ஆனால் உட்கார்ந்த இடத்தில் செய்த வேலை போய், பஸ் ஏறி இறங்கிச் செய்கிற வேலை நாற்பத்தாறு வயதில் வந்தது. அதுதான் என்னை ஓய்த்துவிட்டது.

வேலை சொல்லும்போது சுலபமாக இருக்கும். கடையை மேப்பில் சேர்க்க வேண்டும். முகப்பைப் படம் எடுத்துப் போட வேண்டும். திறக்கிற நேரம், மூடுகிற நேரம், போன் நம்பர். ஆனால் கடைக்காரரின் ஈமெயில் அவருடைய மருமகன் போனில் இருக்கும். மருமகன் துபாயில் இருப்பார். ஓடிபி அவருக்குப் போகும்போது அவர் டூட்டியில் இருப்பார். சித்தன்னவாசல் போகிற வழியில் மெஸ் நடத்துகிற ஒருவருக்காக நான்கு தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, "மறுபடி புதுசா போட்ருவோங்க" என்று சிரித்த முகமாகச் சொல்வார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது யாரோடும் ஒரு வார்த்தை பேசத் தோன்றாது.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர் எங்கள் அச்சகத்தின் பழைய வாடிக்கையாளர். வருடம் தவறாமல் தினசரி காலண்டரும் பில் புத்தகமும் எங்களிடம்தான் அடிப்பார். நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை மதனி என்றும் கூப்பிடுவேன். ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கத்திலேயே நின்று பேசிப் பழகியவர், வீட்டுக்குள்ளேயும் தொண்டை கிழியத்தான் பேசுவார்.

"எனக்கு என்னத்துக்கும்மா நெட்டு? கடலுக்குப் போற அம்புட்டு போட்டுக்கும் என்னயத் தெரியும். நீ காலண்டர மட்டும் நல்லா அடிச்சுக் குடு" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த மாதம் நான் காட்டிய கணக்கில் இரண்டு கடைகள்தான் இருந்தன. முதலாளி முகத்தை நினைத்துக்கொண்டு, மீன் ஏற்ற வருகிற கேரள லாரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். புது டிரைவர்கள் வழி தெரியாமல் முக்கில் நின்று விசாரிக்கிறார்கள், விசாரிக்கிற இடத்தில் வேறு யாராவது அவர்களை வேறு கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். அது அவருக்கு உறைத்தது. போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். ஊர்ப் பெயரையும் துறைமுகம் என்ற வார்த்தையையும் சேர்த்துத் தேடிப் பார்த்தபோது உருப்படியாக எந்த நம்பரும் வரவில்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. கம்பெனிப் பெயருக்கு முன்னால் துறைமுகம் என்று போட்டேன். கீழே எழுதிய நான்கு வரி விவரத்தில் மூன்று இடத்தில் அதே வார்த்தையைச் சேர்த்தேன். இரண்டே வாரத்தில், உலகத்தில் எங்கிருந்து யார் ஜெகதாப்பட்டினம் துறைமுகம் என்று தேடினாலும் முதலில் அண்ணனின் போன் நம்பர்தான் வந்தது. அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"அட, ஹார்பரே நம்மளுதுங்கிற மாதிரில்ல இருக்கு!" என்று சத்தமாகச் சிரித்தார்.

லாரிகள் வந்தன. அவருக்கும் சந்தோஷம். அடுத்த சில மாதங்கள் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் காலையில் அறந்தாங்கியில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து கேக் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த டிவியில் கீழே செய்தி ஓடியது. கடலில் எல்லை தாண்டியதாக ஜெகதாப்பட்டினத்துப் படகுகளைப் பிடித்துப் போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய செய்தி. பாவம் என்று நினைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"ஏம்மா, அதுல என்னத்த எழுதி வச்ச நீ? விடிஞ்சதுலேர்ந்து போனு நிக்கல. எடுத்தா ஹார்பர் ஆபீஸான்னு கேக்குறாங்க. எம் புருசன் கடலுக்குப் போன போட்டு வந்துருச்சான்னு ஒரு பொண்ணு அழுவுது. நா ஐஸ் விக்கிறவன்மா! நா என்னத்தச் சொல்லுவேன்?"

நான் பதில் சொல்வதற்குள் அவருக்கு இன்னொரு அழைப்பு வந்து எங்கள் பேச்சு அறுந்தது.

இருந்த இடத்திலிருந்தே மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். உள்ளே நுழைய ஓடிபி வேண்டும், அது அவர் போனுக்குத்தான் போகும். ஆறு தடவை கூப்பிட்டேன். ஆறு தடவையும் பிஸி. பேக்கரிக்காரரிடம் நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

போய் இறங்கியபோது படகுகள் எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பிடித்ததைக் கண்டித்து யாரும் கடலுக்குப் போவதில்லை என்று மீனவர் சங்கத்தில் முடிவெடுத்திருந்தார்கள். படகு போகாவிட்டால் ஐஸ் விற்காது. கம்பெனியில் மெஷின் நின்றிருந்தது. உறைந்த ஐஸ் பார்கள் அடுக்கியபடியே இருந்தன. தரையில் தண்ணீர் கசிந்து வாசல்வரை ஓடியிருந்தது. அந்த அமைதியிலும் அண்ணன் வழக்கமான சத்தத்தில்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார். மதனி சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

என்னைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போனை என் கையில் வைத்து, "செத்த நீ பேசும்மா. எனக்கு நெஞ்சு அடைக்குது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போன் இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுட்டது.

சங்கத்தில் எழுதிய பட்டியலை யாரோ படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு படகு, ஒன்பது பேர். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள். உள்ளூரில் இருப்பவர்கள் நேராக சங்கத்துக்குப் போய்விடுவார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் போனைத் தட்டித் தேடுவதைத் தவிர வேறு வழி இல்லை. இது ஆபீஸ் இல்லை, ஐஸ் கம்பெனி என்று முதல் இரண்டு பேரிடம் சொன்னேன். "எதுவா இருந்தா என்னங்க, நீங்க அங்கதான இருக்கீங்க?" என்று இரண்டாவது ஆள் கேட்டார். அதற்கப்புறம் நான் அதைச் சொல்லவில்லை.

மத்தியானம் குவைத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். சின்ன வயதுக் குரல்.

"அக்கா, எந் தம்பி கடலுக்குப் போயிருக்கான். முந்தாநாத்து போனான். போனு போகல. அம்மா மட்டும்தான் வீட்டுல இருக்கு."

தம்பியின் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கேட்டேன். தாளில் மேலிருந்து கீழ் ஒரு தடவை, கீழிருந்து மேல் ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக ஒருவருக்கு நல்லது சொல்லப்போகிறோம் என்று எனக்கே அவசரம்.

"உங்க தம்பிய புடிக்கலைங்க. பயப்படாதீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ரொம்ப நன்றிக்கா. அம்மாட்ட ஒடனே சொல்லிர்றேன்" என்று வைத்துவிட்டார்.

மதனி எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். சங்கத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து வாசலில் நின்றபடியே அண்ணனிடம் சொன்னார்: "இன்னொரு போட்டும் மாட்டிருச்சுண்ணே. இப்பத்தான் தகவல் வந்துச்சு. நாலு பேரு." கையிலிருந்த சீட்டை நீட்டினார். இரண்டாவது பெயர் அந்தத் தம்பியின் பெயர். அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போயின.

பட்டியலில் பேர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. பிடிக்கவில்லை என்று நானாகச் சொன்னேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "குடு இங்கிட்டு, நா பேசுறேன்" என்றார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"இல்லண்ணே. நாந்தான சொன்னேன்" என்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். பேசத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"சொல்லுங்கக்கா."

"இன்னொரு லிஸ்ட் வந்துருக்குங்க. அதுல உங்க தம்பி பேரு இருக்கு. நா மொதல்லயே அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்."

அவருக்குப் பின்னால் ஏதோ வண்டிச் சத்தம். பிறகு, "அம்மாட்ட சொல்லிட்டேனேக்கா. அது பக்கத்து வீட்டுக்கெல்லாம் போயிச் சொல்லிருச்சே" என்றார். கோபம் இல்லை. கோபப்பட அவருக்கு அப்போது தெம்பு இல்லை.

"அடிகிடி பட்டுருக்கானா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. சங்கத்துல பேரு மட்டுந்தான் சொன்னாங்க."

பைக்கில் வந்தவரை நிறுத்தி வைத்து, வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஆதார் நகல், போட்டோ, வீட்டு முகவரி, இவற்றை சங்கத்தில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். அதை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் குவைத்தில் எழுதிக்கொண்டார். "மெதுவாச் சொல்லுங்கக்கா" என்று இரண்டு தடவை கேட்டார். அம்மாவிடம் மறுபடி தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஓடிபியை வாங்கி உள்ளே போனேன். துறைமுகம் என்ற வார்த்தையை எல்லா இடத்திலிருந்தும் எடுத்தேன். போன் நம்பரையும் எடுத்தேன். மாற்றங்கள் பரிசீலனையில் உள்ளன என்று திரையில் வந்தது. மூன்று நாள் பரிசீலித்தார்கள். அந்த மூன்று நாளும் மதனிதான் போன் எடுத்தார். கூப்பிட்டவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, சாயங்காலம் சங்கத்தில் போய்க் கேட்டு வந்து, ஒவ்வொருவருக்கும் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாராம். அண்ணன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

பிடிபட்டவர்கள் இரண்டு தவணையாகத் திரும்பி வந்தார்கள். அந்தத் தம்பியும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். படகு வரவில்லை. குவைத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று பல தடவை நினைத்தேன். கூப்பிடவில்லை. என் குரலைக் கேட்டால் அவருக்கு எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும்.

கடலுக்குப் படகுகள் போகத் தொடங்கிய பிறகு அண்ணன் போன் செய்தார். மேப்பில் நம்பர் இல்லை என்று ஒரு லாரி டிரைவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நம்பரத் திரும்பப் போட்ரும்மா" என்றார். பிறகு, "அந்த ஹார்பருங்கிறதையும் போட்ரு" என்றார்.

"அண்ணே, மறுபடியும் கூப்புடுவாங்கண்ணே."

"கூப்புடட்டும். அவங்க வேற எங்கிட்டுக் கூப்புடுவாங்க? ஒங்க மதனி எடுக்குறேங்கிறா."

எனக்கு அது சரியாகப் படவில்லை. சங்கத்தையே தனியாக மேப்பில் சேர்த்துவிட்டால் அழைப்புகள் போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்றேன். அதற்காக மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை செயலாளர் ஊரில் இல்லை. இரண்டாவது தடவை, சரிபார்ப்பதற்கு என்று மேப் சங்கக் கட்டடத்தை வாசலிலிருந்து உள்ளே வரை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினேன், நெட்வொர்க் இல்லாமல் பாதியில் நின்றது. இந்த வேலைக்கு எங்கள் அச்சகத்தில் பில் கிடையாது. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது தடவை வேலை முடிந்தது. கடைசியாக நேரம் போட வேண்டியிருந்தது. சங்க அறையைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ஆறு என்று போடப் போனேன்.

செயலாளர் தடுத்தார். "இருபத்திநாலு மணி நேரமும்னு போடுங்க. கடல்ல புடிக்கிறவன் நேரம் பாத்தா புடிக்கிறான்?"

"ராத்திரி யாருங்க போன் எடுப்பா?"

அவர் மேஜைமேல் இருந்த சங்கத்துப் போனைக் கொஞ்சநேரம் பார்த்தார். கடல் வெயிலில் நாள்பட்டுக் கறுத்த முகம். அவருக்கும் தூக்கம் போதாது என்று பார்த்தாலே தெரியும். "நா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிர்றேன்" என்றார்.

அப்படியே போட்டேன். ஐஸ் கம்பெனி விவரத்தில் அண்ணனின் நம்பரைத் திரும்பப் போட்டு, சங்கத்து நம்பரையும் கீழே சேர்த்தேன். அண்ணனின் பேச்சைக் கேட்டு துறைமுகம் என்பதை ஒரே ஓர் இடத்தில் மட்டும் மறுபடி போட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீமிசல் தாண்டியது தெரியவில்லை. அறந்தாங்கி வந்ததும் கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்று கம்பியைத் தட்டி எழுப்பினார்.