அகப்பை படாத முட்டைக் குழம்பு

இன்று மதியம் என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, ஓமந்தையிலிருந்து சாப்பிட வந்திருந்தார்.

முட்டையை அவிக்காமல், கொதிக்கும் குழம்பில் நேரே உடைத்து ஊற்றுவதுதான் எனக்குப் பிடித்த முறை. மச்சாளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"எல்லாம் கரையப்போகுது பிள்ளை. ஒருக்காக் கிண்டிப் பார்."

"கிண்டினாத்தான் மச்சாள் கரையும். கொஞ்சம் பொறுங்கோ."

"தம்பி, கடைச் சாப்பாடு எடுப்பமோ?" என்று என் கணவரிடம் கேட்டார் மச்சாள்.

அகப்பையை அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டுச் சட்டியை மூடினேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

திறந்தபோது மூன்று முட்டைகளும் முழுதாகக் கிடந்தன. மச்சாள் தன்னுடையதைப் பிட்டார். மஞ்சள் கரு சோற்றில் மெல்ல வழிந்தது.

பாராட்டு ஒன்றும் வரவில்லை. ஆனால் தம்பியின் தட்டிலிருந்த முட்டையையும் எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொண்டார்.

கணவர் வெறுங்குழம்போடு சாப்பிட்டதில் எனக்குத் துளியும் கவலையில்லை.

உங்கள் வீட்டில் அவித்தா, உடைத்தா?