வெங்காயக் கொட்டகையில் ஒரு பானை

ஷுவாங் எங்கள் சந்துக்குக் குடிவந்தபோது எல்லோரும் அவளைப் பானைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பானை செய்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். தலைநகர் சாங்கானில் பேரரசரின் அரண்மனையில் ராணிகளுக்குப் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைப் பானையில் வைத்துப் புதைப்பது அவள் வேலை. நானும் அதே அரண்மனைச் சமையற்கட்டில் இடுப்பொடியக் கிடந்தவள்தான், அதனால் அவளை எனக்கு முன்பே தெரியும். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். முடிந்த இடத்தில் சொல்கிறேன்.

அது சாதாரண வேலையும் இல்லை. நஞ்சுக்கொடியைத் தெளிந்த நீரில் ரத்தம் போகக் கழுவ வேண்டும். பிறகு நல்ல மதுவில் ஒருமுறை. புதுப் பானையில் வைத்து மூடி, வாயைக் களிமண்ணால் பூசி, அந்த மாதத்துக்கு உரிய திசையில் வெயில் படுகிற மேட்டு நிலமாகப் பார்த்து ஆழமாகப் புதைக்க வேண்டும். இடத்தை ஒருவரிடமும் சொல்லக் கூடாது, பெற்றவளிடம்கூட. பிள்ளையின் ஆயுசே அந்தப் பானையில்தான் இருக்கிறது. எறும்பு ஏறினால் உடம்பெல்லாம் புண் வரும். ஈரம் பட்டால் கால் சூம்பும். நாய் தோண்டிவிட்டால் பேச்சே வேண்டாம்.

ஷுவாங்குக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. சமையற்கட்டுக்கு வருவாள், அடுப்போரமாக நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், எங்கள் கையால் தினைக் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டே எங்களையே மட்டம் தட்டுவாள்.

"உங்க வேலை தின்னு முடிச்சதும் தீந்து போயிடும். என் வேலை ஒரு ஆயுசுக்கு நிக்கும்."

"அப்ப உன் வேலையையே தின்னுட்டுப் போயேன்," என்று நான் ஒருமுறை கஞ்சிக் கிண்ணத்தைப் பிடுங்கியிருக்கிறேன். ரோசமே இல்லாமல் சிரித்துக்கொண்டு திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அரண்மனையில் அவள் மனசுவிட்டுப் பேசியது லியென் ஒருத்தியிடம்தான். லியென்னின் அப்பா ஏதோ ஒரு மாவட்டத்தில் எழுத்தர். குற்றம் சாட்டி அவரை வெட்டியதும், வீட்டுப் பெண்களை அரண்மனைக்கு அடிமைகளாக அனுப்பிவிட்டார்கள். அம்மா வந்த வருஷமே செத்துப்போனாள். லியென் கொஞ்ச காலம் குவோ ராணியின் தாதியாக இருந்துவிட்டு, பிறகு வெங்காயக் கொட்டகைக்குப் போனாள். குளிர்காலத்திலும் பேரரசருக்குப் பச்சை வெங்காயத்தாள் வேண்டுமே. அதற்காகக் கூரை போட்ட கொட்டகை, மண்ணுக்கடியில் விடாமல் எரிகிற கணப்பு. வெளியே பனி கொட்டும், உள்ளே லியென் வேர்த்து வழிய நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். குளிர் தாங்காத வேலைக்காரிகள் எல்லோரும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போவோம். அவளும் யாரையும் விரட்டியதில்லை.

குவோ ராணிக்கு ஆண்பிள்ளை பிறந்தது கடுங்குளிரில். அந்த மாதத்துக்குத் தெற்குச் சுவரோரம். ஷுவாங் பானையோடு போனாள். மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. மண்வெட்டி பட்டுத் தெறித்தது. வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, நெருப்பு மூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டலாம்தான். ஒரு நாள் வேலை. அவள் பானையைத் தூக்கிக்கொண்டு நேராக வெங்காயக் கொட்டகைக்கு வந்தாள்.

"மண்வெட்டி இறங்க மாட்டேங்குதுடி. கையைப் பாரு, வெடிச்சு ரத்தம் வருது."

"அதுக்கு இங்க வந்து புதைப்பியா? தெனமும் தண்ணி ஊத்துற எடம்க்கா. ஈரம்."

"ஓரமா வைக்கிறேன். பனி விட்டதும் எடுத்துட்டுப் போய் ஒழுங்கா வச்சிடுறேன். நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"நான் எதுக்குத் திறக்கப் போறேன்? இளவரசர் பெரியவராகி வாயைத் திறக்கட்டும், வெங்காய வாசம் வரும், அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். இதை ஷுவாங்கே பிற்பாடு என்னிடம் சொன்னாள், சொல்லும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு.

பனி விட்டது. பானையை எடுக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டாள். பிறகு, புதைத்ததைத் திரும்பத் தோண்டினால்தான் பிள்ளைக்கு ஆகாது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டாள். பிள்ளை நடக்க ஆரம்பித்தபோது இடது காலை இழுத்து இழுத்து நடந்தான்.

குவோ ராணி அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். அதட்டவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் கேட்டாள்.

"ஷுவாங், எடத்தைக் கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நல்ல எடம்தானே?"

"வெயில் கொட்டுற எடம்மா. ஒரு சொட்டு ஈரம் கிடையாது."

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சு வைத்துத் தைத்த தன்னுடைய மேலங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஷுவாங் அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு குழந்தை எதிரே வந்தால் இவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள்.

இப்படியே சில வருஷங்கள் போயின. பேரரசருக்கு வயதாகி உடம்பு படுத்தது. மருந்து எதுவும் பிடிக்கவில்லை. யாரோ மண்ணுக்குள் பொம்மை புதைத்துச் சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவன் காதில் ஓதினான், அவ்வளவுதான். யோங் என்ற அதிகாரியின் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்தார்கள். அவன் கடப்பாரை ஆட்களோடு அரண்மனைக்குள் புகுந்தான். பூந்தோட்டம், முற்றம், ராணிகள் படுக்கிற கட்டிலுக்குக் கீழ், எதையும் விடவில்லை. யாரைத் தொலைக்க வேண்டுமோ அவர்கள் வாசலில் பொம்மை தவறாமல் கிடைத்தது. மரத்தில் செதுக்கிய அந்தப் பொம்மைகளில் ஈரமண் ஒட்டியிருந்ததே தவிர, ஒன்றுகூட உளுத்துப் போயிருக்கவில்லை. எங்களுக்கெல்லாம் அது தெரிந்தது. பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம், வேறென்ன?

வடக்கு மாளிகை ராணிக்கும் ஒரு மகன். பட்டத்துக்கு அவனா, கால் இழுக்கிற குவோ ராணியின் மகனா என்பதுதான் அடியில் ஓடிய சண்டை. பேரரசருக்கு என்னவோ அந்த நொண்டிப் பிள்ளையின் மேல்தான் உயிர். யோங்கோ வடக்கு மாளிகைச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். குவோ ராணியின் வாசலில் பொம்மை வைக்க வழியில்லை, பேரரசரின் சொந்தக் காவலர்கள் அங்கே நின்றார்கள். அதனால் அவளோடு முன்பு ஒட்டியிருந்தவர்களின் இடங்களை எல்லாம் தோண்டச் சொன்னான். வெங்காயக் கொட்டகை சிக்கியது.

பொம்மை வைக்கிற செலவுகூட அவனுக்கு இல்லை. கடப்பாரை பானையில் போய் இடித்தது.

எங்கள் எல்லோரையும் முற்றத்தில் மண்டியிட வைத்தார்கள். நடுவில் லியென், கையைப் பின்னால் கட்டியிருந்தது. பக்கத்தில் உடைந்த பானை. அதற்குள் கறுத்துச் சுருங்கிய ஏதோ ஒன்று. யோங் அதைக் குச்சியால் தூக்கிக் காட்டினான்.

"மனுஷச் சதை. இது மேல வளந்த வெங்காயத்தைத்தான் பேரரசர் தெனமும் சாப்பிட்டிருக்கார். யார் சொல்லி வச்சேடி?"

யோங் குச்சியால் லியென்னின் தாடையை நிமிர்த்தினான்.

"குவோ ராணிதானே? பேரைச் சொல்லு, உன்னை விட்டுடுறேன்."

"வெங்காயத்துக்கு ராணி எதுக்குங்க? எருவும் தண்ணியும் போதும்," என்றாள் லியென். அவளை அடித்தார்கள்.

கூட்டத்தில் ஒருவன், பிள்ளைப்பேற்றுப் பானை மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுத்துவிட்டான். யோங்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது, விசாரிக்காமல் விட முடியாது. ஷுவாங்கை முன்னால் இழுத்துவந்தார்கள்.

"பானைக்காரி நீதானே? இது உன்னுதா?"

மாடத்தில் குவோ ராணியும் நின்றுகொண்டிருந்தாள், அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. பேரரசரின் காவலர் தலைவனும் அங்கேதான் இருந்தான். ஷுவாங் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது சூனியம் இல்லை, பேரரசர் மகனுடைய ஆயுசுப் பானை என்று ஆகியிருக்கும். லியென் தப்பியிருப்பாள். இவளுக்குக் கசையடி விழுந்திருக்கும், உயிரே போயிருந்தாலும் போயிருக்கும். சாவுக்குப் பயந்து பொய் சொன்னாள் என்றால் நான்கூட மன்னித்திருப்பேன், அங்கே பயப்படாதவர் யார்? ஆனால் அவள் என்னிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாள், பயம் இல்லை என்று. ராணி தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வேலையில் சோம்பல் பட்டு அந்தக் காலைக் கெடுத்தது தான்தான் என்று ராணிக்குத் தெரிந்துவிடுமே என்று கூசிப்போனாளாம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு உயிரை விலையாகக் கொடுத்தாள்.

"என்னுது இல்லீங்க. என் பானை எல்லாம் வெயில் படுற எடத்துல இருக்கு. நான் ஈரத்துல வைக்கிறவ இல்ல."

லியென் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். இனி இவள் சொல்லிவிடுவாள், யார் கொண்டுவந்து புதைத்தது என்று கத்திவிடுவாள் என்று ஷுவாங் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

"அக்கா சொல்றது நெசம்தாங்க," என்றாள் லியென். "அக்கா வேலையில குறையே வைக்க மாட்டாங்க."

அவளை மேற்குச் சந்தையில் வெட்டினார்கள். கடைசி வரைக்கும் குவோ ராணியின் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. அதனால் ராணியின் உயிர் தப்பியது. மகனுக்குத் தொலைவில் ஒரு சிற்றூரைக் கொடுத்துத் தாயையும் கூடவே அனுப்பிவிட்டார்கள். புறப்படும்போது ராணி ஷுவாங்கைக் கூப்பிட்டு, நீயாவது உண்மையாக இருந்தாய் என்று சொல்லி அழுதாளாம்.

லியென் ஏன் அப்படிச் சொன்னாள்? தான் பணிவிடை செய்த ராணியுடைய பிள்ளையின் பானையை ஊர் நடுவில் வைத்து இன்னாருடையது என்று சொல்ல மனம் வராமல் இருந்திருக்கலாம். சிநேகிதியைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்றும் இருந்திருக்கலாம். ஷுவாங் வேறு மாதிரி சொல்வாள்.

"என்னைக் காப்பாத்தலடி அவ. என்னைக் கேலி பண்ணிட்டுப் போயிட்டா. அவ குரல் எனக்குத் தெரியாதா?"

வயதானவர்களை அரண்மனையிலிருந்து வெளியே விட்டபோது நாங்கள் இருவரும் ஒரே சந்தில் வந்து சேர்ந்தோம். நான் அவரைக்கொட்டையை அரைத்து விழுது செய்து விற்றேன். அவள் சாயக்காரர்களுக்குத் துணி அலசினாள். இங்கே பிரசவத்துக்கு அவளைக் கூப்பிட்டால் போக மாட்டாள். பெருமையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. யாராவது அவள் வேலையைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவாள்.

பேரரசர் இறந்து புதியவர் வந்தார். யோங்கின் கதையும் அதே மேற்குச் சந்தையில் முடிந்தது. சூனிய வழக்கில் செத்தவர்கள் எல்லோரும் நிரபராதிகள், அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு சுருள் பட்டு என்று அறிவித்தார்கள். ஒரு நாள் எங்கள் சந்து முனையில் கழுதை வண்டி வந்து நின்றது. இளவயதுக் குமாஸ்தா ஒருவன் இறங்கினான்.

"வெங்காயக் கொட்டகை லியென்னுக்குச் சொந்தம்னு யாராவது இருக்கீங்களா?"

"இதோ, இவதான்!" என்று சந்தே சேர்ந்து சொன்னது. "கூடப் பொறந்தவ மாதிரிங்க. அவளுக்கு வேற யாரு இருக்கா?"

ஷுவாங் ஈரக் கையோடு எழுந்து நின்றாள். அவள் முகம் போன போக்கே சரியில்லை.

"ஐயா, அந்தப் பானை என்னுது. நான்தான் அங்க வச்சேன். கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன். அவ என்னாலதான் செத்தா."

கோழி விற்கிற வூ பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வாயை மூடுடி! மறுபடியும் கடப்பாரையோட வந்து இந்தச் சந்தைத் தோண்டணுமா?"

குமாஸ்தா கோபப்படவில்லை. அலுத்துப்போனவனாகத்தான் பேசினான். "பெரியம்மா, வழக்கு முடிஞ்சு போச்சு. செத்தவங்க யாரும் குத்தம் பண்ணல. செய்ய வச்சவனும் போய்ச் சேந்தாச்சு. இனிமே குத்தவாளின்னு ஒருத்தர் வேணும்னு யாரும் கேக்கல. நீங்க சொல்றதை நான் எங்க போய்ச் சொல்றது? இன்னும் ஏழெட்டு வீட்டுக்குப் போகணும். கையை நீட்டுங்க."

"எனக்கு வேணாம்."

"வேணாம்னா ஏன் வேணாம்னு எழுதணும். அப்புறம் உங்க தெருவுக்கே வம்பு."

"வாங்கிக்கோ, வாங்கிக்கோ," என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பட்டுச் சுருளை வாங்கினாள். வண்டி போய்விட்டது.

நல்ல பட்டு, நெருக்கமான நெசவு. எங்கள் சந்தில் சணல் துணியைத் தவிர வேறு கட்டத் தெரிந்தவர்கள் இல்லை. ஷுவாங் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சுருளை விரித்து வூவின் பக்கம் நீட்டினாள்.

"கிழிச்சு ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குங்கடி. குளிருக்கு உள்ள வச்சுத் தைக்கலாம்."

வூ கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். மற்றவர்களுக்கும் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. வாயை மூடு என்று சொன்னவர்கள்தான், ஆனால் அவள் சொன்னது ஒவ்வொருத்தி காதிலும் விழுந்திருந்தது. கடைசியில் அவள் என் பக்கம் நீட்டினாள். நான் என் கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டேன்.