மட்டாஞ்சேரியில் ஒரு பூட்டிய கழிப்பறை

சென்ற டிசம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, காக்கநாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போனேன். அங்கே பழைய மிளகுக் கிடங்கொன்றில் வாணிப வரலாற்றுக் கண்காட்சி. முப்பது வருடம் வரலாறு நடத்தியவளுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து நான் சக்கர நாற்காலியில்தான். என்னைப் போல் கிளம்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நடக்க முடியாததுதான் எங்கள் பெரிய தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அதுகூடப் பழகிவிடும். சிறுநீர்ப்பை நிறைந்தால் எனக்குத் தெரியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் போட்டு வெளியேற்ற வேண்டும். தவறினால் தலை இடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும், அப்புறம் ஆஸ்பத்திரிதான். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கழிப்பறையைத்தான் விசாரிப்பேன்.

ஒன்பது மணிக்கு அந்த வேலையை முடித்துக்கொண்டு, தங்கை விமலாவுடன் டாக்ஸியில் கிளம்பினேன். எழுநூறு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சந்தைத் தெருவில் லாரி நின்றதால் முன்னதாகவே இறங்க வேண்டியதாயிற்று. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு மலையாளிச் சேட்டன்மார் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை நாற்காலியோடு தூக்க, கைப்பிடி கழன்று ஒருவர் கையோடு வந்துவிட்டது. நல்ல மனசுதான். ஆனாலும் நான் மிளகு மூட்டை இல்லையே!

கிடங்கில் சாய்தளம் அருமை. பன்னிரண்டே முக்காலுக்குக் கழிப்பறையைத் தேடினேன். கதவில் சக்கர நாற்காலிப் படம். அதற்குக் கீழே பெரிய பூட்டு. சாவி வைத்திருந்த ஊழியர் பாபு சாப்பிடப் பள்ளுருத்திக்குப் போயிருந்தார். காவலாளி எங்கள் பக்கத்துத் தமிழர்தான். ஏன் பூட்டினீர்கள் என்றேன்.

“திறந்து போட்டா கண்டவங்களும் போயி அழுக்காக்கிடும், டீச்சரே. உங்களெப் போல ஆளுக்கு வேண்டித்தான் பூட்டி வெச்சிருக்கு.”

“அந்த ஆளு வந்தாச்சு. இப்ப யாருக்கு வேண்டிப் பூட்டியிருக்கு?” என்றாள் விமலா.

சில பள்ளிகளில் நுண்ணோக்கியை மாணவர் உடைத்துவிடுவார்கள் என்று அலமாரியிலேயே வைத்திருப்பார்கள். தேர்வன்று எடுத்தால் துருப்பிடித்திருக்கும். அந்தக் கதைதான்.

சாதாரணக் கழிப்பறைக்கு மூன்று படி. நாற்காலி உள்ளே நுழையாது. ஒன்றே முக்காலுக்கு எனக்குத் தலை இடிக்க ஆரம்பித்தது, முகமெல்லாம் வியர்வை. விமலா என் இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிட்டு, போனில் பாபுவை விரட்டினாள். இரண்டு மணிக்குச் சாவி வந்தது. உள்ளே பளபளவென்று இருந்தது. பிடிகம்பிகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

தலைவலி இறங்க அரை மணி நேரம் ஆனது. கண்காட்சியில் பாதியைப் பார்க்காமலே திரும்பினேன். ஆஸ்பத்திரியில் வாழ்க்கைத் தரம் எப்படி என்று தூக்கம், வலி, மனச்சோர்வு எல்லாம் விசாரிக்கிறார்கள். சாவி யாரிடம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கிளம்பும்போது காவலாளி மறுபடியும் பூட்டினார். திறந்தே வையுங்கள், அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மனசு வரவில்லை அவருக்கு. சாவியை மட்டும் பாபுவிடமிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், இனி தாமதம் வராதாம்.

போகிறவர்கள் தூக்க வருபவரிடம் நாற்காலியின் இரும்புச் சட்டத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், கைப்பிடியை அல்ல. மாற்றுக் குழாய் ஒன்று கையில் இருக்கட்டும். வியாழக்கிழமை போகாதீர்கள், அன்று அந்தக் காவலாளிக்கு லீவு.