அத்தை ஜாடைக் கண்கள்

1. உற்றுப் பார்க்கும் உத்தியோகம்

வேலையில் சேர்ந்த முதல் நாள், பிரசவ வார்டில் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, எம்புள்ளைய எதுக்கு இப்படி முறைச்சுப் பாக்குறீங்க?"

நியாயமான கேள்வி. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த குழந்தையை வெளியாள் யாரும் நின்று நிதானித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் படும். எங்கள் ஆய்வுக் குழுவுக்கோ சம்பளமே அப்படிப் பார்ப்பதற்குத்தான். அதுவும் அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச் போன்ற ஒரு கருவியோடு.

கண்மணிக்குள் வெளிச்சம் அடித்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பாக ஒளி திரும்பி வர வேண்டும். ரெட் ரிஃப்ளெக்ஸ் என்போம். வெள்ளையாகவோ, மங்கலாகவோ, ஒரு கண்ணுக்கு ஒரு மாதிரியாகவோ வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. பிறவிக் கண்புரை, கிளாக்கோமா மாதிரியான நோய்கள் குழந்தைகளுக்கு அபூர்வமாகத்தான் வரும். வந்தால் காத்திருக்காது. அவற்றை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும் என்பதே எங்கள் ஆய்வு.

கருவி வழியாகப் பார்ப்பது கண் டாக்டர் வினோதினியின் வேலை. ஆய்வுக்குச் சம்மதம், அதாவது கன்சென்ட் வாங்குவது, ஃபாலோஅப்புக்கு வரவழைப்பது, திட்டு வாங்குவது ஆகிய மூன்றும் கோஆர்டினேட்டரான என் வேலை. முன்பு மாவட்டச் செய்தியாளராக இருந்ததால் மூன்றாவதில் நல்ல அனுபவம் உண்டு.

2. மயிலாடுதுறையிலிருந்து வந்த அத்தை

தேன்மொழியின் பெண் குழந்தைக்குப் பிறந்தபோது இமைகள் வீங்கியிருந்தன. கண்ணைத் திறந்து சரியாகப் பார்க்க முடியவில்லை. சில வாரம் கழித்து அழைத்து வரச் சொன்னோம். வரவில்லை. போன் செய்தால், "நடவு முடியட்டுங்க" என்று தேன்மொழியின் அப்பா சொன்னார். நடவு முடிந்தது, அடுத்து உரம் போட வேண்டியிருந்தது. சரி, நாமே போவோம் என்று டாக்டரும் நானும் கிளம்பினோம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருந்தது. வெகுநேரம் நின்ற பிறகு டாக்டர் கேட்டார்: "அக்கா, ரயில் வந்துக்கிட்டிருக்கா, இல்ல இனிமேதான் செய்யவே போறாங்களா?"

வீடு வயலை ஒட்டி இருந்தது. தேன்மொழிக்குத் தலைப்பிரசவம், அதனால் தாய்வீட்டில் இருந்தார். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. நாங்கள் போன அன்று கணவரின் அக்கா கலாவதி மயிலாடுதுறையிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். குழந்தை அவர் மடியில்தான் இருந்தது.

"வாங்க, வாங்க. புள்ள கண்ணப் பாத்தீங்களா? அப்படியே அத்தை ஜாடை. மூக்கு அவங்கப்பன் மூக்கு, காது இவங்க வீட்டுக் காது. கண்ணு மட்டும் என் கண்ணு."

கலாவதிக்குப் பெரிய கண்கள். அதில் சந்தேகமில்லை. குழந்தையின் கண்களும் பெரியவை. ஆனால் கருவிழியில் லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. ஓரத்தில் நீர் வழிந்தது. வாசல் பக்கம் திருப்பினால் குழந்தை கண்ணை இறுக மூடி, மடியில் முகத்தைப் புதைத்தது.

"எங்க மகாராணிக்கு வெளிச்சம் ஆகாது. எனக்கும் வெயில் ஆகாதுல்ல!" என்றார் கலாவதி.

டாக்டர் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லி, கருவியால் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"கிளாக்கோமா மாதிரி இருக்குக்கா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. குழந்தைக் கண்ணு இளசு, அதான் கண்ணே பெருத்துப் போச்சு. இப்படியே விட்டா நரம்பு போயிடும். இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும்."

பிறகு திரும்பி, எந்த முன்னுரையும் இல்லாமல் வீட்டாரிடம் சொன்னார்: "பாப்பா கண்ணு இவ்ளோ பெருசா இருக்கறது நோயிங்க. ஆபரேஷன் பண்ணணும்."

கலாவதி குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க? இது என் கண்ணுன்னு இப்பதான் சொன்னேன். அப்ப என் கண்ணும் நோவுக் கண்ணா? கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்க வீட்டுக்காரரு இந்தக் கண்ணப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காரு!"

"அண்ணி, டாக்டர் சொல்றத ஒரு தடவ..." என்று தேன்மொழி ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு தேனு."

தேன்மொழியின் அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அது மாப்ள வீட்டுப் புள்ளைங்க. அவங்க வார்த்த இல்லாம நாங்க ஒண்ணும் செய்ய முடியாது." இது இந்தப் பக்கத்து நடைமுறை. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்வது ஒரு வீடு. பிள்ளைக்கு முடிவெடுப்பது இன்னொரு வீடு.

சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டோம். டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட தகப்பனார் ஒரே கேள்விதான் கேட்டார்: "அக்கா என்ன சொல்லுது?"

அக்கா சொன்னது இதுதான்: "எப்ப வேணா ஆய்வுலேருந்து விலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லன்னு அன்னைக்கு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்கன்னு தேனு சொல்லிச்சு. விலகிட்டோம். காபி சாப்டுட்டுப் போங்க."

கன்சென்ட் விதியை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட குடும்பத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆய்வுலேருந்து விலகிக்கங்கம்மா. வைத்தியத்துலேருந்து விலகாதீங்க" என்றார் டாக்டர். தேன்மொழி அழ ஆரம்பித்திருந்தார்.

3. போட்டோவுக்கு முன் பொட்டு

டாக்டர் நோயைப் பற்றிப் பேசப் பேச, கலாவதி தன் கண்ணுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் பொழுது சாய்ந்துவிடும். செய்தி சேகரிக்கப் போன இடங்களில் வரப்புச் சண்டைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தி முடித்ததும் யாராவது ஒருவர் நிலம் அளக்கும் சங்கிலியைக் கொண்டு வந்து அளப்பார்.

"அக்கா, இது உங்க கண்ணுதான்னா அளவும் ஒத்து வரணும்ல? அளந்துடலாமா?" என்றேன்.

"தாராளமா அளங்க!"

டாக்டர் என்னைப் பார்த்தார். புரிந்தது அவருக்கு. பையிலிருந்து மில்லிமீட்டர் ஸ்கேலை எடுத்தார். நெற்றியோரம் ஸ்கேலைப் பிடித்து, கண்ணையும் ஸ்கேலையும் சேர்த்து மொபைலில் படமெடுத்து, கருவிழியின் அகலத்தை அளப்பது நாங்கள் வழக்கமாகச் செய்வது.

"போட்டோவா? இருங்க, இருங்க. தேனு, பொட்டு நேரா இருக்கா பாரு." முந்தானையைச் சரிசெய்துகொண்டு கலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்கேல் வைத்த படத்துக்கு அப்படிச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து குழந்தை. அரை இருட்டில் பால் குடித்தபடி ஒரு கணம் விழித்தபோது படம் கிடைத்தது.

டாக்டர் ஒன்றும் விளக்கவில்லை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினார். கலாவதி ஸ்கேலின் கோடுகளைத் தானே விரலால் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சாண் புள்ளைக்கு என்னவிடப் பெருசா?"

"ஆமாங்கம்மா. பொறந்த குழந்தைக்கு நம்மளவிடச் சின்னதாத்தான் இருக்கணும். உங்க கண்ணு நல்லாருக்கு. அழகான கண்ணு. பாப்பாது அது இல்ல."

கலாவதி எழுந்து, குழந்தையை வாசல் வெளிச்சத்துக்கு மெல்லத் திருப்பினார். அது முகத்தைச் சுளித்து அவர் தோளில் புதைந்தது. வழிந்த நீரை முந்தானையால் ஒற்றினார்.

"இது எங்க வீட்டுக் கண்ணு இல்ல" என்றார். பிறகு குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "ஏன் தேனு நிக்கிற? புள்ளைக்குத் துணி எடு! மாமா, நீங்க சட்டையப் போடுங்க. டேய் தம்பி, லைன்ல இருக்கியா? நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ வச்சிட்டு வேலையப் பாரு!"

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டது தேன்மொழி. பேனாவை அவர் கையில் திணித்தது கலாவதி.

4. ரிவியூ

ஆபரேஷனுக்குப் பிறகு அழுத்தம் இறங்கியது. கருவிழியில் இருந்த புகை மெல்ல விலகியது. பெருத்த கண் பழைய அளவுக்குத் திரும்பாது. கண்ணாடி போட வேண்டிவரும், வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை உண்டு. இதையெல்லாம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

ஒரு ரிவியூவின்போது, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் குழந்தை கண்ணைத் திறந்தபடி கிடந்தது. கலாவதி கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். கண்கள் கூடவே போயின.

"பாக்குது! என்னத்தான் பாக்குது!"

குழந்தை பார்த்தது அவர் கண்ணாடி வளையல்களை. அதைத் திருத்திச் சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு குழந்தையின் முகம், பிறந்த அன்றே சொந்தக்காரர்களுக்குள் பாகம் பிரித்த நிலம். எந்த மூலையில் கால் வைத்தாலும் பட்டாதாரர் ஒருவர் எழுந்து வருவார். அவர் யார் என்று கண்டுபிடித்து, அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் டார்ச்சைப் போடுங்கள்.