படகுக்கு ஒரு வண்டி

ராணுவ ஜீப்பிலிருந்து கழற்றிய ஓர் அச்சு, இரண்டு சக்கரங்களோடு, எங்கள் மாதுங்கா வீட்டு மாடிப்படியின் கீழே நெடுநாள் கிடந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்த சமயம். அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர், கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஏலத்தில் முதலில் ஒரு மரப்படகை எடுத்தார். அதை ஏற்றிச் செல்ல வண்டி கட்டுவதற்காக அப்புறம் இந்த அச்சு. மாடிக் குடித்தனக்காரர்கள் அதில் கால் இடித்துக்கொண்டு திட்டுவார்கள். அவர் காதில் விழாது. நின்றபடியே சாப்பிடுவார். "ஆத்துல ஒரு நாழி உக்காருங்கோளேன்" என்று அக்கா கெஞ்சினால், "இதோ" என்பார். சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்.

அவர் ரங்கூனில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தாயாரை அழைத்துக்கொண்டு காட்டு வழியே நடந்து வந்தார். ஓர் ஆற்றங்கரையில் தாயாருக்குக் கடும் ஜுரம். எதிர்க்கரையில் படகு ஒன்று இருந்தது. ஆறு வற்றியிருந்ததால், அகன்ற சேற்றுக்கு அப்பால் மேட்டில் கிடந்தது. அதை நீர்வரை இழுத்துவர அக்கரையில் இருந்த யாராலும் முடியவில்லை. அந்த அம்மாள் இக்கரையிலேயே கண்ணை மூடினார். கல்யாணமான புதிதில் அக்காவிடம் இதை ஒரே ஒரு முறை சொன்னாராம். எத்தனை மோசமான கரையானாலும் படகை நீரில் கொண்டுபோய் இறக்கும் வண்டி ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து பாய் ஒருவரின் பட்டறையில் வேலை நடந்தது. டைப்பிஸ்டாக இருந்த நான் ஞாயிறுதோறும் சாப்பாடு கொண்டுபோவேன். முதல் வண்டியைப் படகோடு லாரியின் பின்னால் கட்டி, செம்பூரைத் தாண்டி, டிராம்பே உப்பங்கழிக் கரைக்கு இழுத்துப் போனார்கள். பாறை மேட்டில் வண்டி எகிறிக் குதித்ததில் படகின் அடிப்பலகை பிளந்தது. சேற்றில் சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன.

"சேறுன்னு மொதல் நாளே சொன்னேனே பாய்!" என்று அத்திம்பேர் இரைந்தார்.

"சேறுன்னிய, இம்புட்டுச் சேறுன்னா சொன்னிய? இது எருமையே முங்கிப்போற எடம்லா சாமி!" பாயும் விடவில்லை.

அன்று வீடு திரும்பியவரிடம் அக்கா நிதானமாகச் சொன்னாள்: "இன்னொரு தடவை பண்ணிப் பாருங்கோ. அதுவும் சரிப்படலைன்னா நான் பாலக்காட்டுக்குப் போயிடறேன். சதா வாசலையே பார்த்துண்டு நிக்கற மனுஷனோட என்னால குடித்தனம் பண்ண முடியாது."

மறுநாளே அத்திம்பேர் பட்டறைக்குப் போனார். சண்டை போட்டுக்கொண்டே இருவரும் வண்டியைப் பிரித்துக் கட்டினார்கள். படகின் பிளந்த பலகையை மாற்றினார்கள். வண்டிச் சட்டத்தை நீட்டினார்கள். சேற்றில் அமிழாதிருக்கப் பக்கத்துக்கு இரண்டாக அகலமான லாரிச் சக்கரங்கள். படகு அடிபடாமல் உட்காரப் பழைய டயர் ரப்பர் வைத்துத் தைத்த மரத்தொட்டில். வழுக்கி இறங்க வண்டியின் பின்முனையில் ஓர் உருளை. லாரி நுழையாத இடத்தில் மாடு பூட்ட நுகத்தடியும் சேர்த்தார்கள்.

இந்தத் தடவை அக்காவும் வந்தாள். மாடுகள் இழுக்க, வண்டி பாறைமேல் ஆடிச் சாய்ந்து, சேற்றில் முனகிக்கொண்டு நகர்ந்தது, நிற்கவில்லை. கயிற்றைத் தளர்த்தியதும் படகு உருளைமேல் சரிந்து தண்ணீரில் இறங்கியது. பாய் ஓவென்று கூவினார். அத்திம்பேர் சிரிக்கக்கூட இல்லை. தாவி ஏறித் துடுப்பைப் போட்டார்.

படகு இறங்கிய இடம் கழியின் ஒரு குறுகிய கிளை. அதன் எதிர்க்கரையில் உப்பளத்துப் பெண்கள் சிலர் சுற்றுவழியில் வீடு திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கையசைத்து அவர்களைக் கூப்பிட்டு, ஏற்றிவந்து இறக்கினார். உடனே படகைத் திருப்பினார். மறுபடி போனார், வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த வேகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இன்று வாஷி ரயில் அந்தக் கழியின் அகன்ற பகுதியைப் பாலத்தின்மேல் கடந்துவிடுகிறது. பெட்டியில் எவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் அந்த மத்தியானம் கண்ணில் படும்.

"போறும், வாங்கோ. ஆத்துக்குப் போலாம்" என்று அக்கா அன்று கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"அங்க இன்னும் ரெண்டு பேர் நிக்கறா." அவர் துடுப்பை விடவில்லை. "விட்டுட்டு எப்படி வரது?"

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"நகருங்கோ," என்றாள். "சேர்ந்தே போய் அழைச்சுண்டு வருவோம்."