என் தொப்பையைக் கரைத்த போண்டாக் கடைக்காரர்

தறியில் உட்கார்ந்திருந்தபோதுதான் செய்தி வந்தது. என் மனைவி வாசலிலிருந்து ஓடி வந்து, "தாமு அண்ணன் பூட்டாராம். தூக்கத்துலயே நெஞ்சடைச்சிருக்குது" என்றாள். தறிக் குழியிலிருந்து காலை எடுக்கவே எனக்குச் சற்று நேரமானது. போண்டாக் கடை தாமோதரனை ஆரணியில் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் எனக்கு யார் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. காரியத்தன்று எல்லோர் கையிலும் கொடுக்கப்போகும் இந்தத் தாளில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவருக்கும் இருந்தது. தொண்ணூறுகளில் இந்த நோய் ஊருக்குள் பேச்சாக வந்தபோது, அதற்கு நாம் வைத்திருந்த ஒரே அடையாளம் ஆள் இளைப்பதுதான். நன்றாக இருந்தவன் இளைத்தால் போதும், தெரு பேச ஆரம்பித்துவிடும். பிற்பாடு அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்கத் தொடங்கியது. வேலூரில் அதற்காக நின்ற வரிசையில் தாமு அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நேராக என்னிடம் வந்து, "இன்னாத்துக்குப்பா ஒளியறே? நீ என்னைப் பார்த்துட்டே, நான் உன்னைப் பார்த்துட்டேன். வா, டீ குடிக்கலாம்" என்றார்.

மாத்திரையால் உயிர் திரும்பியது. பசியும் திரும்பியது. அப்போதுதான் மாத்திரை வாங்கிய நாங்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தோம். குண்டாக இருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று தின்று தீர்த்தோம். என் மனைவி முட்டையும் நெய்யுமாக ஊட்டினாள். வேலூர் வரிசையில் ஒருவர் தொப்பையை ஒருவர் பார்த்து மகிழ்ந்தோம். என் சட்டைப் பொத்தான் தெறித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம் என்றால் நம்புவீர்களா?

பிறகு ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அந்த நோய் அடங்கித்தான் இருக்கு. கல்லீரல்லதான் கொழுப்பு ஏறியிருக்கு. மாத்திரைக்கும் அதுல பங்கு இருக்கலாம், ஆனா அதை நிறுத்தக்கூடாது. நீங்க உடம்பைக் குறைங்க" என்றார். இளைத்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் முதலாளி பாவு கொடுக்கமாட்டார். கொடுத்தாலும், அந்தப் பாவின் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் பிடிக்க அக்கம்பக்கத்தார் வரவேண்டுமே, அது ஓர் ஆளால் ஆகிற வேலையா? ஈரலைப் பார்ப்பதா, பிழைப்பைப் பார்ப்பதா என்று தெரியாமல் தூக்கம் கெட்டது. பகலில் தறியில் உட்கார்ந்தாலே அசதி அள்ளிக்கொண்டு போனது.

முடிவெடுத்தவர் தாமு அண்ணன்தான். "இனிமே போண்டா கேட்டுகினு என் கடையாண்ட வந்தியான்னா, கரண்டியாலயே போடுவேன்" என்றார். விடிகாலையில் தேவிகாபுரம் போகிற சாலையில் என்னை இழுத்துக்கொண்டு நடப்பார். நான் மூச்சிரைக்கத் திட்டுவேன், அவர் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். "அப்ப சாவாம இருந்தா போதும்னு நெனைச்சோம். இப்ப நல்லா இருக்கணும்னு நெனைக்கறோம். பேஜார் பண்ணாம நட" என்பார். சில மாதங்களில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அசதி விட்டது, தூக்கமும் வந்தது.

பயந்தது நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பாவு நீட்டிய காலை, தெருவே கூடியிருந்தது. நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். ஒரு பெரியவர் எல்லோர் முன்னாலும், "இன்னாடா ஏகாம்பரம், இப்படி இளைச்சுகினே போறே? அந்த நோவா?" என்று கேட்டுவிட்டார். டீ கொண்டுவந்திருந்த தாமு அண்ணன் தூக்கைக் கீழே வைத்தார். "அந்த நோவு எனக்கு. மாத்திரை சாப்ட்டுகினு நல்லாத்தான் இருக்கேன். அவனுக்கு ஈரல்ல கொழுப்பு, டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்காங்க. போதுமா?" என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அன்று அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

அதன் பிறகு அவர் கடையில் எண்ணெய்தான் காய்ந்தது, ஆள் வரவில்லை. நான் தினமும் போய் ஊர் பார்க்க நின்று இட்லி தின்றேன். "ஜல்தி தின்னுட்டு நவுரு, கூட்டத்தை மறைச்சுகினு நிக்கறே" என்று காலிக் கடையில் நின்றுகொண்டு விரட்டுவார். முதலில் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். மெல்ல மெல்லத் தெருவும் வந்தது. கேள்வி கேட்ட பெரியவரும் வந்தார், அவருக்கும் சூடாகத்தான் போட்டார். என் ஈரல் தேறிவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன அன்று எனக்கு ஒரே ஒரு போண்டா கொடுத்து, அதிலும் பாதியைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த மனிதரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை ஒரு விடிகாலை நடை, தேறிய ஈரல், நிம்மதியான தூக்கம். எனக்காக ஒருவர் தன் பிழைப்பையே பணயம் வைத்து நின்றார் என்ற நிறைவும் இருக்கிறது. அண்ணா, உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். நீங்கள் அன்று எனக்காக மறைத்ததையும் என் பெயர் போட்டே சொல்லிவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலை என் பாவைத் தெருவில் நீட்டுகிறேன். பிடிக்க மனமுள்ளவர்கள் வாருங்கள்.

ஏகாம்பரம்